பழைய கெக் வாங்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் பாட்டில் கழுவுவது அலுத்துப்போகும். ஒரு தடவைக்கு 5 கேலன் என்றால் ஐம்பது பாட்டிலுக்கு மேல் கழுவி, நிரப்பி, மூடியடிக்க வேண்டும். அதே 5 கேலன் ஒரே கெக்கில், அதாவது அழுத்தம் தாங்கும் எஃகுப் பீப்பாயில், அடங்கிவிடும். புதுக் கெக்கின் விலையைப் பார்த்துவிட்டுப் பழையதைத் தேடுகிற வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒன்றைத் தவிர எல்லாம் அமெரிக்கா, கனடாவிலிருந்து வந்தவை.

பழைய சாமான் விளம்பரங்களில் இரண்டு இடத்தில் ‘சோடா கெக்’ என்று போட்டிருக்கிறார்கள். ஒன்று பால் லாக் (ball lock), இன்னொன்று பின் லாக் (pin lock). பின் லாக் விலை குறைவு. எதை வாங்குவது? (டல்லஸ்)

இரண்டுமே குளிர்பானக் கம்பெனிகள் உணவகங்களுக்குச் சிரப் அனுப்பப் பயன்படுத்திய எஃகுக் கெக்குகள்; குழாயை மாட்டும் முனையின் வகைதான் பெயரில் இருக்கிறது. மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த கார்னீலியஸ் கம்பெனியின் பெயரைச் சுருக்கி ‘கார்னி கெக்’ என்பார்கள். செய்தது வேறு கம்பெனியாக இருந்தாலும் அதே பெயர்தான். பெப்சிக்காரர்கள் பால் லாக் வைத்திருந்தார்கள், கோக் ஆட்கள் பின் லாக். 1980, 90களில் சிரப் அட்டைப்பெட்டிக்குள் வைத்த பிளாஸ்டிக் பைக்கு மாறியதும் இந்தக் கெக்குகள் குவியலாகப் பழைய சந்தைக்கு வந்தன. பீர் காய்ச்சுகிறவர்கள் அள்ளிக்கொண்டார்கள்.

கொள்ளளவு இரண்டுக்கும் ஒன்றே: 5 கேலன், அதாவது 18.9 லிட்டர். உருவம்தான் வேறு. பால் லாக் ஒல்லி, உயரம்: சுமார் எட்டரை அங்குல விட்டம், 25 அங்குல உயரம். பின் லாக் கொஞ்சம் குண்டு, குள்ளம்: 9 அங்குலமும் 22 அங்குலமும். உங்கள் ஃபிரிட்ஜுக்குள் எது நிற்கும் என்று முதலில் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். அரை அங்குல வித்தியாசத்தில் மூன்று நிற்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் நிற்கும்.

பின் லாக்கில் ஒரு வசதி உண்டு. கேஸ் (கார்பன் டை ஆக்சைடு) போகும் போஸ்டில், அதாவது குழாய் மாட்டும் முனையில், 2 பின், பீர் வரும் போஸ்டில் 3 பின். இணைப்பியை மாற்றி மாட்டவே முடியாது. பால் லாக்கில் மாற்றி மாட்டலாம், மாட்டினால் பிடித்துக்கொண்டு கழற்ற வராது. ஆனால் பால் லாக் மூடியில் கையால் இழுத்து அழுத்தத்தை விடுகிற வளையம் இருக்கும். பின் லாக் மூடிகளில் பெரும்பாலும் அது கிடையாது, அழுத்தம் மிதமிஞ்சினால் தானாகத் திறந்துகொள்கிற வால்வு மட்டுமே. கெக்கில் காற்றை வெளியேற்றிவிட்டு பீர் நிரப்ப அந்த வளையம் அவ்வளவு உதவும். அதனால் பின் லாக் வாங்கினால் வளையம் உள்ள மூடி ஒன்றைத் தனியாக வாங்கி மாட்டிவிடுங்கள்.

உதிரி பாகம் எங்கும் கிடைப்பது பால் லாக்குக்குத்தான். விலை கணிசமாகக் குறைந்தால் மட்டும் பின் லாக். எதை எடுத்தாலும் எல்லாக் கெக்கும் ஒரே வகையாக இருக்கட்டும். இரண்டு வகைக்கும் இரண்டு செட் இணைப்பி வாங்கிக்கொண்டே இருந்தால் மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும்.

விற்பவர் வீட்டுக்குப் போய் எடுக்கப் போகிறேன். என்னென்ன பார்க்க வேண்டும்? (எடிசன், நியூஜெர்சி)

ஒரு டார்ச் லைட், ஒரு துணி. அது போதும்.

முதலில் வளையத்தை இழுங்கள். புஸ்ஸென்று காற்று வந்தால் அந்தக் கெக் இத்தனை நாள் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. நல்ல அடையாளம். வரவில்லை என்றாலும் ஒதுக்கிவிட வேண்டாம். கசிவு பெரும்பாலும் ரப்பரில்தான் இருக்கும், ரப்பரை எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள். காற்று முழுதும் போனபின் மூடியைத் திறங்கள். அழுத்தம் இருக்கும்போது மூடியின் நெம்புகோலைத் தூக்க முயலாதீர்கள்.

அடுத்து டார்ச் அடித்து அடிப்பகுதியையும் பற்றவைத்த (வெல்டிங்) கோட்டையும் பாருங்கள். பழுப்புக் கறை பயமில்லை, அது காய்ந்த சிரப்பாக இருக்கலாம். விரலால் தடவினால் ஊசி குத்தியதுபோல் சின்னச் சின்னக் குழி தட்டுப்பட்டால் வாங்க வேண்டாம். அந்தக் குழிக்குள் கிருமி தங்கும், கழுவியும் போகாது.

உடம்பில் உள்ள நசுங்கலை விட்டுவிடலாம். மூடி உட்காரும் வாயில் நசுங்கல் இருந்தால் விடக்கூடாது. வாய் முட்டை வடிவம். விளிம்பின் உள்பக்கத்தில் விரலை வைத்து ஒரு சுற்று சுற்றுங்கள். மேடுபள்ளமோ ஆழமான கீறலோ இருந்தால் எந்த ரப்பரும் அங்கே அடைக்காது. விலை பாதியானாலும் வேண்டாம்.

போஸ்டின் அறுகோணம் தேய்ந்து உருண்டையாகியிருக்கிறதா என்று பாருங்கள். பின் லாக்கில் பின் வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அடியிலும் மேலும் உள்ள கறுப்பு ரப்பர் பட்டை உரிந்திருந்தால் விலையைக் குறைக்கக் கேட்கலாம், பயன்பாட்டுக்குக் கேடில்லை. கடைசியாக மூக்கு. சிரப் வாசம் பரவாயில்லை. பெயின்ட், மண்ணெண்ணெய், பூச்சிமருந்து மாதிரி ஏதாவது அடித்தால் கெக்கைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். எதையோ ஊற்றி வைத்திருந்த கெக்கை நம்பிக் குடிக்க முடியாது.

கெக்கின் உடம்பில் 130 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 130 பவுண்டு அழுத்தம்) என்று பொறித்திருப்பார்கள். அது கெக் தாங்கும் உச்சம். பீருக்கு நமக்கு வேண்டியது 10, 12தான்.

நாலு தடவை கழுவியும் ரூட் பீர் வாசம் போகவில்லை. (பிராம்டன்)

வாசம் எஃகில் இல்லை, ரப்பரில் இருக்கிறது. ஊறிப்போன ஓ-ரிங்கை (ரப்பர் அடைப்பு வளையத்தை) எத்தனை தடவை கழுவினாலும் பயனில்லை. ரூட் பீர் என்பது பீரல்ல, குளிர்பானம்; அதன் எசன்ஸ் நம் நன்னாரி சர்பத்துக்குப் பங்காளி. நன்னாரி சர்பத் வைத்த பிளாஸ்டிக் பாட்டிலின் மூடியை மோந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு கெக்கில் 5 ஓ-ரிங்: மூடிக்குப் பெரியது ஒன்று, போஸ்டுகளுக்கு வெளிப்பக்கம் இரண்டு, கெக்குக்குள் இறங்கும் குழாயான டிப் டியூபின் கழுத்தில் சின்னது இரண்டு. ஐந்தையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புது செட் போடுங்கள், சில டாலர்தான். போஸ்டுக்குள் ஸ்பிரிங்கோடு இருக்கும் சின்ன வால்வான பாப்பெட்டிலும் ரப்பர் உண்டு. அதை மறந்துவிட்டால் வாசம் திரும்ப வரும்.

வாங்கிய கெக்கை முழுதாகப் பிரித்துச் சுத்தம் செய்வது எப்படி? (சான் ஹோசே)

காற்றை விட்டு, மூடியை எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். போஸ்டுகளைக் கழற்றுமுன் எது எந்தப் பக்கம் என்று குறித்து வையுங்கள். கெக்கின் மேல் ‘இன்’, ‘அவுட்’ என்று பொறித்திருக்கும். பால் லாக்கில் கேஸ் போஸ்டின் அறுகோணத்தில் சின்ன வெட்டுகள் இருக்கும், பீர் போஸ்டில் இருக்காது. ஆழமான சாக்கெட் ஸ்பேனர் வேண்டும். பால் லாக்குக்கு அநேகமாக 7/8 அங்குலம், சிலவற்றுக்கு 11/16. பின் லாக்குக்குப் பின்கள் நுழைய வெட்டு விட்ட 13/16 சாக்கெட் தனியாக விற்கிறார்கள். குறடு போட்டுத் திருகினால் பின் வளையும், அறுகோணம் மழுங்கும்.

போஸ்ட் வந்ததும் டிப் டியூபை உள்பக்கமிருந்து மேலே தள்ளி எடுங்கள். நீளமானது பீருக்கு, குட்டையானது கேஸுக்கு. சிரப் காய்ந்து ஒட்டியிருந்தால் கொதிநீர் ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டுத் தள்ளுங்கள். பாப்பெட்டை வெளியே தள்ளும்போது ஸ்பிரிங் துள்ளி ஓடும், கை பொத்திக்கொள்ளுங்கள்.

ஒன்றுக்கு மேல் கெக் வாங்கியிருந்தால் ஒவ்வொன்றின் போஸ்டையும் தனித்தனிக் கிண்ணத்தில் வையுங்கள். பல கெக்குகளில் மரை 19/32 அங்குலம், அங்குலத்துக்கு 18 சுற்று. ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் இன்னொன்றின் போஸ்ட் இரண்டு சுற்று ஏறிவிட்டு இறுகும். பலம் கொடுத்தால் மரை போய்விடும், கெக் பழைய இரும்பு விலைக்குத்தான் போகும்.

கழுவுவதற்குப் பி.பி.டபிள்யூ. (PBW) என்கிற சுத்தம் செய்யும் பொடி நல்லது. கேலனுக்கு 1 அவுன்ஸ் வீதம் 5 கேலனுக்கு 5 அவுன்ஸ், 140 கிராம் சுமார். கை பொறுக்காத சூட்டில் தண்ணீர் நிரப்பி, கரைத்து, வாய்வரை நிரம்பியதும் இரவு முழுக்க ஊறவிடுங்கள். டிப் டியூப், போஸ்ட், பாப்பெட் எல்லாவற்றையும் அதே தண்ணீரில் போட்டுவிடலாம். மூடியை இறுக்கி மூடாதீர்கள். அந்தப் பொடி கரையும்போது ஆக்சிஜனை விடும், மூடிய பாத்திரத்தில் அழுத்தம் ஏறும். வாசனை கலக்காத ஆக்சிஜன் சலவைப் பொடியும் வேலை செய்யும், அலசல்தான் கூடுதலாக வேண்டும்.

காலையில் டிப் டியூபுக்குள் நீளமான பிரஷ் விட்டு இழுங்கள். அதில் வருகிற கறுப்புக் கசடைப் பார்த்தால் ஏன் பிரிக்கச் சொன்னோம் என்று புரியும். நன்றாக அலசி, புது ஓ-ரிங்குகளில் உணவுத்தர சிலிக்கான் கிரீஸை மெல்லிசாகத் தடவி மாட்டுங்கள். வாஸ்லின் வேண்டாம், பெட்ரோலியம் பட்ட ரப்பர் ஊதிப்போகும்.

பீர் ஊற்றுகிற அன்று ஸ்டார் சான் என்கிற கிருமிநீக்கி: 5 கேலன் தண்ணீருக்கு 1 அவுன்ஸ், 30 மில்லி. கெக்கை வாய்வரை நிரப்பி மூடி, கேஸ் கொடுத்து, அந்தத் தண்ணீர் முழுவதையும் பீர்க் குழாய் வழியாகவே வெளியே தள்ளிவிடுங்கள். கிருமியும் போகும். கெக்குக்குள் காற்றுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடே நிறைந்திருக்கும். ஆக்சிஜன் பட்ட பீர் சில வாரத்தில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அடிக்கும், பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் மணமும் போய்விடும். மிஞ்சுகிற நுரையை அலச வேண்டாம்.

பிளீச் ஊற்றிக் கழுவலாமா? (நாஷ்வில்)

கூடாது. பிளீச்சில் உள்ள குளோரைடு எஃகின் மேல் உள்ள பாதுகாப்புப் படலத்தைத் துளைக்கும். முன்னே சொன்ன ஊசிக்குழிகள் அப்படி வருவதுதான். இரும்பு நாரும் வேண்டாம். அதன் துணுக்கு எஃகில் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும். கறை போகவில்லையென்றால் ஆக்சாலிக் அமிலம் கலந்த பார் கீப்பர்ஸ் ஃபிரண்ட் பொடியை ஈரத்துணியில் தொட்டுத் தேயுங்கள்.

5 பவுண்டு கேஸ் சிலிண்டர் இரண்டே நாளில் காலி. இரண்டாவது முறை இப்படி. கெக் ஓட்டையா? (சிகாகோ)

கெக்கின் எஃகு ஓட்டையாவது அபூர்வம். மூடியைச் சந்தேகப்படுங்கள். இந்த வகை மூடி உள்ளே இருக்கும் அழுத்தத்தால்தான் விளிம்போடு ஒட்டி உட்காரும். 10 பி.எஸ்.ஐ. கொடுத்துவிட்டுப் போனால் பல பழைய மூடிகள் சரியாக உட்காராமல் மெதுவாகக் கசியும். அதனால் முதலில் 30 பி.எஸ்.ஐ. கொடுங்கள். கொடுக்கும்போதே மூடியின் கைப்பிடியை மேல்நோக்கி இழுத்துப் பிடியுங்கள். ‘டப்’பென்று உட்காரும். பிறகு வளையத்தை இழுத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து தெளிப்பானில் ஊற்றி, 30 பி.எஸ்.ஐ.யில் இருக்கும் கெக் மேல் தெளியுங்கள். மூடியின் சுற்று, வளையம் உள்ள வால்வு, போஸ்டின் நடு, போஸ்டின் அடி. நான்கையும் தனித்தனியாகப் பாருங்கள், ஏனென்றால் குமிழி வருகிற இடம்தான் மருந்தைச் சொல்லும். மூடியின் சுற்றில் என்றால் மூடியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், அல்லது மென்மையான சிலிக்கான் ஓ-ரிங் போடுங்கள். நெம்புகோலின் காலில் உள்ள ரப்பர் தொப்பிகள் தேய்ந்திருந்தாலும் மூடி இறுகாது. போஸ்டின் நடுவில் என்றால் பாப்பெட். போஸ்டின் அடியில் என்றால் உள்ளே இருக்கும் சின்ன ஓ-ரிங்.

கெக்கில் கசிவு இல்லையென்றால் அடுத்தது சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர். சிலிண்டரோடு சேரும் இடத்தில் ஒரு வாஷர் உண்டு. நைலான் வாஷர் என்றால் ஒவ்வொரு முறை சிலிண்டர் மாற்றும்போதும் அதையும் மாற்ற வேண்டும். ரெகுலேட்டர் வாங்கினவர்களில் பலர் அதைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். குழாய்க் கிளிப்புகளையும் தெளித்துப் பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் வெற்றுக் கெக்கை இணைத்து அழுத்தம் ஏற்றி, சிலிண்டரின் வால்வை மூடிவிட்டு, அதிக அழுத்தம் காட்டும் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் முள் இறங்கியிருந்தால் இன்னும் கசிவு இருக்கிறது. கேஸ் ஏறாத பீரை வைத்து இந்தச் சோதனையைச் செய்தால் ஏமாந்துபோவீர்கள், பீரே கேஸைக் குடித்து முள்ளை இறக்கும்.

காசு மட்டுமல்ல விஷயம். 5 பவுண்டு கார்பன் டை ஆக்சைடு வாயுவானால் சுமார் 1,240 லிட்டர். பத்துக்குப் பத்து அறை, 8 அடி உயரம், கதவு ஜன்னல் அடைத்திருக்கிறது என்றால் அந்த அறைக் காற்றில் 5 சதவீதத்துக்கு மேல் அதுவாகிவிடும். 4 சதவீதமே உயிருக்கு உடனடி ஆபத்தான அளவு. படுக்கை அறையிலும் காற்றோட்டமில்லாத அடித்தள அறையிலும் சிலிண்டரை வைக்காதீர்கள்.

கெக் புதுசுபோல் சுத்தம், கேஸ் 12தான் வைத்திருக்கிறேன். குழாயைத் திறந்தால் டம்ளர் முழுக்க நுரை. (ஸ்கார்பரோ)

கெக்கிலிருந்து பீர் வரும் குழாய் எவ்வளவு நீளம் என்று எழுதவில்லை. 3/16 அங்குல உள்விட்டமுள்ள வினைல் குழாய் என்றால் 10 அடி வையுங்கள். அடிக்கு 2 முதல் 3 பி.எஸ்.ஐ. வரை அந்தக் குழாய் தடுத்து நிறுத்தும் என்று பட்டியலில் போட்டிருப்பார்கள். அந்தக் கணக்குப்படி 5 அடியே போதும். நடைமுறையில் 5 அடியில் சீறிக்கொண்டு வரும். 10 அடி வாங்கிச் சுருட்டி ஃபிரிட்ஜுக்குள்ளேயே வைத்துவிட்டு, மெதுவாக வந்தால் அரை அடி அரை அடியாக வெட்டுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது.

முதல் டம்ளர் மட்டும் நுரை, அடுத்தது சரி என்றால் குழாய் முனை சூடாக இருக்கிறது என்று அர்த்தம். கெக் 38 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருந்து, முனை அறைச் சூட்டில் இருந்தால் அப்படித்தான் வரும்.

எல்லா டம்ளரும் நுரை, பீர்க் குழாய்க்குள் எப்போதும் குமிழி ஓடிக்கொண்டே இருக்கிறது, கெக்கிலிருந்து கிளம்பும் இடத்திலேயே ஓடுகிறது என்றால் அது பழைய கெக்குக்கே உரிய நோய். பீர் பக்கத்து டிப் டியூபின் கழுத்தில் உள்ள சின்ன ஓ-ரிங் போய்விட்டிருக்கும். கெக்கின் மேல்பகுதியில் தங்கியிருக்கும் கேஸ் அந்த இடுக்கு வழியாக நேரே பீரோடு கலந்து குழாய்க்குள் வரும். வெளியே கசியாது, சோப்புத் தண்ணீருக்கும் சிக்காது. அழுத்தத்தை விட்டு, போஸ்டைக் கழற்றி, அந்த ஒரு ரிங்கை மாற்றினால் தீர்ந்தது. டிப் டியூபின் கழுத்தில் வெடிப்பு இருந்தாலும் இதே அறிகுறிதான், அப்போது டியூபை மாற்ற வேண்டும்.

கேஸ் எவ்வளவு வைப்பது, எத்தனை நாள்? பழைய சிலிண்டர் வாங்கினால் தப்பா? (அட்லாண்டா)

38 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 11 பி.எஸ்.ஐ. வைத்துவிட்டு ஒன்றரை வாரம் கெக்கைத் தொடாமல் விடுங்கள். சுமார் இரண்டரை ‘வால்யூம்’, அதாவது பீரின் கொள்ளளவைப்போல் இரண்டரை மடங்கு, கேஸ் ஏறும். ஏல் எனப்படும் பீர் வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு அதுதான் அளவு. அவசரமென்றால் 30 பி.எஸ்.ஐ.யில் ஒரு நாள் வைத்துவிட்டு, வளையத்தை இழுத்து இறக்கி, 11க்குக் கொண்டுவாருங்கள். மறந்து இரண்டு மூன்று நாள் விட்டால் நுரைதான். அறைச் சூட்டில், 68 டிகிரியில் வைத்திருந்தால் அதே இரண்டரைக்கு 29 பி.எஸ்.ஐ. வேண்டும். ஃபிரிட்ஜ் இல்லாதவர் 12 வைத்துவிட்டுக் கேஸே ஏறவில்லை என்று புலம்புவது இதனால்தான்.

ஒரு கெக்குக்குக் கேஸ் ஏற்றி, கடைசி டம்ளர்வரை தள்ளவும் சேர்த்து ஏறக்குறைய 130 முதல் 160 கிராம் போகும். 5 பவுண்டு சிலிண்டரில் 2,268 கிராம். ஸ்டார் சானைத் தள்ளவும் காற்றை வெளியேற்றவும் போவதைக் கழித்தாலும் பத்துக் கெக் தாராளமாக வரும்.

பழைய சிலிண்டர் வாங்கலாம், தோளில் பொறித்த தேதியைப் பார்த்து. அமெரிக்காவில் 5 ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை செய்து மாதம், ஆண்டு பொறிப்பார்கள். தேதி முடிந்த சிலிண்டருக்குக் கேஸ் நிரப்ப மாட்டார்கள், சோதனைச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். சில கடைகள் நிரப்பித் தராமல் வேறு சிலிண்டரை மாற்றித் தரும். அப்படியான கடைதான் பக்கத்தில் இருக்கிறது என்றால் பளபளக்கும் அலுமினியச் சிலிண்டருக்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

அதிக அழுத்த மீட்டரைப் பார்த்துக் கேஸ் எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. உள்ளே இருப்பது திரவம். ஒரு சொட்டுத் திரவம் இருக்கும்வரை 70 டிகிரியில் முள் 850 பக்கம் நிற்கும், ஃபிரிட்ஜுக்குள் 540 பக்கம். குளிரில் முள் இறங்கியதைப் பார்த்துக் கசிவு என்று பதறுகிறவர்கள் உண்டு. எடைபோட்டுப் பாருங்கள். காலிச் சிலிண்டரின் எடை தோளிலேயே பொறித்திருக்கும்.

ரெகுலேட்டர் இல்லாமல் சிலிண்டரைக் கெக்கோடு இணைக்கவே கூடாது. 130 தாங்கும் பாத்திரத்தில் 850 இறங்கும்.

கேஸ் சிலிண்டரே வேண்டாம், பாட்டிலுக்குப் போடுவதுபோல் கெக்கிலேயே சர்க்கரை போட்டால்? (ஒட்டாவா)

நடக்கும். பாட்டிலுக்குப் போடும் அளவில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு போதும் என்பது பொது வழக்கம். ஆனால் ஈஸ்ட் மெதுவாகத்தான் கேஸ் விடும், அந்த அழுத்தத்தில் பழைய மூடி உட்காராது. வந்த கேஸ் எல்லாம் இடுக்கில் போய், இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் சப்பென்ற பீர் இருக்கும். மூடியை உட்காரவைக்க முதலில் சிலிண்டரிலிருந்து 30 பி.எஸ்.ஐ. கொடுத்தே ஆக வேண்டும். பீரைக் கடைசிவரை வெளியே தள்ளவும் கேஸ் வேண்டும். ஆகவே சிலிண்டர் வாங்காமல் தப்ப முடியாது.

மதுக்கடையில் டெபாசிட் கட்டி வாங்கிய பெரிய பீர் கெக் வீட்டில் கிடக்கிறது. திருப்பிக் கொடுக்காமல் மேலே வெட்டிப் பீர் காய்ச்சும் பாத்திரமாக்கலாம் என்கிறான் நண்பன். (ஹூஸ்டன்)

டெபாசிட் விலையல்ல. அந்தக் கெக் பீர்க் கம்பெனியுடையது, உடம்பிலேயே அப்படிப் பொறித்திருப்பார்கள். டெபாசிட்டைவிடக் கெக்கின் மதிப்பு பல மடங்கு. வைத்துக்கொண்டால் அடுத்தவர் சொத்தை எடுத்துக்கொண்டதாகும், வெட்டினால் சொல்லவே வேண்டாம். பழைய சாமான் விளம்பரத்தில் மலிவாக வரும் இத்தகைய கெக்குகள் பலவும் இப்படிப் போனவைதான். கம்பெனியே கழித்து விற்றது, அல்லது மூடப்பட்ட ஆலையின் சாமான் ஏலத்தில் எடுத்தது என்றால் ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

சொந்தமாக வாங்கியதற்கே இந்தப் பதில்: இவை சாங்கி வகை. பெரியது 15.5 கேலன், சின்னது 5.16 கேலன். நடுவில் உள்ள ஒரே வால்வோடு நீளமான குழாய் சேர்ந்திருக்கும், ஒரு வளையம் அதைப் பிடித்திருக்கும். அழுத்தம் இருக்கும்போது அந்த வளையத்தை எடுத்தால் குழாய் ஈட்டிபோல் பாய்ந்து வரும். முகத்துக்கு நேராக நின்றவர் பிழைப்பது கஷ்டம். கேஸ் இணைக்காத கப்ளரை (வால்வைத் திறக்கும் இணைப்பியை) மாட்டியோ, வால்வின் பந்தை ஒரு கம்பியால் ஓரமாக நின்று அழுத்தியோ, சத்தம் அடங்கி மேலும் சில நிமிடம்வரை காற்றை விட வேண்டும். அதன்பின்தான் வளையம், அதன்பின்தான் வெட்டுவது. கெக்கை வெட்டும் இயந்திரத்தில் கை பழகாதவர்கள் பற்றவைக்கும் கடையில் கொடுத்துவிடுவது நல்லது. 12 அங்குல வட்டமாக வெட்டச் சொன்னால் பெரும்பாலான பாத்திர மூடிகள் பொருந்தும்.

பிளாஸ்டிக் கெக் சிலவற்றை உணவகத்தில் சும்மா தருகிறார்கள். (சியாட்டில்)

வேண்டாம். பெரும்பாலும் ஒரே தடவைக்கென்று செய்யப்பட்டவை அவை. 2012இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பீர் ஆலை ஒன்றில் பிளாஸ்டிக் கெக்கைக் காற்றழுத்தம் கொடுத்துச் சுத்தம் செய்தபோது அது வெடித்து ஊழியர் ஒருவர் இறந்தார்.

கோயம்புத்தூரில் பழைய எஃகுக் கெக் ஒன்று கிடைத்தது. இங்கே வீட்டில் பீர் காய்ச்சலாமா? (கோயம்புத்தூர்)

முடியாது. 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், அளவு சிறியதானாலும். அமெரிக்காவில் 1978இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால் ஆண்டுக்கு வீட்டில் ஒரு பெரியவர் இருந்தால் 100 கேலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன்வரை, விற்காமல் சொந்தத்துக்குக் காய்ச்சிக்கொள்ள முடிகிறது. அங்கும் மிசிசிப்பியும் அலபாமாவும் 2013இல்தான் அனுமதித்தன.

கெக்கை வீணாக்க வேண்டாம், அது பிறந்ததே குளிர்பானத்துக்கு. வடிகட்டிய தண்ணீரை 38 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குளிரவைத்து 30 பி.எஸ்.ஐ. கொடுத்து இரண்டு நாள் வைத்தால் கடைச் சோடாவுக்குக் குறையாது. அந்த அழுத்தத்துக்கு 10 அடிக் குழாய் போதாது, 25 அடி வேண்டியிருக்கும். சிரப்பைக் கெக்கில் கலந்தால் பாப்பெட்டில் சர்க்கரை காய்ந்து ஒட்டும். வெறும் சோடாவாக வைத்துக்கொண்டு டம்ளரில் கலப்பதே மேல். எலுமிச்சை உப்புச் சோடாவைக் கெக்கிலேயே தயாரித்து வைக்கும் எண்ணமிருந்தால் விட்டுவிடுங்கள். உப்பிலும் குளோரைடுதான், அதோடு புளிப்பும் சேர்ந்தால் பிளீச் செய்த வேலையையே செய்யும். உப்பு டம்ளரோடு இருக்கட்டும்.